என்ஹான்ஸ்டு லைசன்ஸ் ரெண்டு வருஷம் யூஸ் பண்ணியாச்சு: அந்த எக்ஸ்ட்ரா 30 டாலர் குடுக்கலாமா?

மொதல்லயே சொல்லிடறேன், இந்த என்ஹான்ஸ்டு லைசன்ஸ், அதாவது அமெரிக்கால சில ஸ்டேட்ல குடுக்கற, கனடா பார்டர் தாண்டவும் செல்லற டிரைவர் லைசன்ஸ் கார்டு, வாங்குனா வண்டி ஓட்டறதுல ஒரு மாத்தமும் கிடையாது. பேர்ல 'என்ஹான்ஸ்டு'ன்னு இருக்கறத பாத்துட்டு எங்க ஆபீஸ்ல ஒருத்தர் "என்ன பாஸ், இத வச்சு லாரி கூட ஓட்டலாமா"ன்னு கேட்டாரு. அதெல்லாம் முடியாதுங்க. அதே கிளாஸ் டி (சாதா கார் லைசன்ஸ்) தான், ஸ்பீடிங்ல மாட்டுனா அதே பாயின்ட்டு அதே ஃபைன் தான், இன்சூரன்ஸ்லயும் பத்து பைசா குறைய மாட்டேங்குது. வித்தியாசம் எல்லாம் பார்டர் பூத் முன்னாடி நின்னு கண்ணாடிய இறக்கும்போது தான் தெரியும்.

நான் இருக்கறது நியூயார்க் ஸ்டேட்ல பஃபலோ பக்கம். நியூயார்க்னு சொன்னதும் ஊர்ல இருக்கற சொந்தக்காரங்க எல்லாம் டைம்ஸ் ஸ்கொயர நெனச்சுக்கறாங்க, எங்களுக்கு அது கார்ல ஆறு ஏழு மணி நேரம், ஆனா டொரான்டோ ட்ராஃபிக் இல்லன்னா ரெண்டு மணி நேரத்துக்குள்ள. தங்கச்சி குடும்பம் அங்க டொரான்டோல ஸ்கார்பரோ ஏரியால இருக்கு. கோயில், இடியாப்பம், கொத்து ரொட்டி, தங்கச்சி பசங்க பர்த்டேன்னு வருஷத்துக்கு ஏழு எட்டு தடவையாச்சும் கனடா போற பீஸ் ப்ரிட்ஜ் பாலத்த தாண்டிடுவோம். அதனால எனக்கு இந்த கார்டு சும்மா ஃபேன்ஸிக்கு இல்ல, நெஜமாவே தேவைப்பட்டுச்சு. ஐடாஹோல உக்காந்துட்டு இத படிக்கறவங்களுக்கு அப்படி இருக்காது, அங்க இந்த கார்டே கிடைக்காது, அது வேற விஷயம்.

எங்க ஸ்டேட்ல இப்ப மூணு வகை லைசன்ஸ் குடுக்கறாங்க, குழப்பம் அங்க தான் ஆரம்பிக்குது. ஒன்னு ஸ்டாண்டர்டு, கார்டு மேலயே 'நாட் ஃபார் ஃபெடரல் பர்பஸஸ்'னு அடிச்சிருக்கும். ரெண்டாவது ரியல் ஐடி, அதுல ஒரு ஸ்டார் இருக்கும். மூணாவது தான் நம்ம ஈடிஎல், அதாவது என்ஹான்ஸ்டு டிரைவர் லைசன்ஸ், அதுல அமெரிக்க கொடி குட்டியா இருக்கும். ஸ்டாண்டர்டு வச்சு வண்டி ஓட்டலாம், பார்ல வயச காமிக்கலாம், அவ்ளோதான், ஏர்போர்ட் செக்யூரிட்டில அத மட்டும் நீட்டுனா வேலைக்காவாது. ரியல் ஐடி வச்சு உள்நாட்டு ஃப்ளைட் ஏறலாம், ஃபெடரல் ஆபீஸ் பில்டிங்குக்குள்ள போலாம். ஈடிஎல் அந்த ரெண்டு வேலையும் பண்ணும், அதுக்கு மேல கனடா, மெக்சிகோ, கரீபியன் பக்கம் ரோடு வழியாவோ கப்பல் வழியாவோ போயிட்டு வர பாஸ்போர்ட் மாதிரியும் வேலை செய்யும். ரோடு, கப்பல், இந்த ரெண்டு தான். ஃப்ளைட் கிடையாது. இத மறுபடி சொல்றேன் பின்னாடி, ஏன்னா நான் இதுல மாட்டியிருக்கேன்.

நெறைய பேரு ஸ்டார் இருந்தா போதும், நயாகரால பாலத்த தாண்டிடலாம்னு நெனைக்கறாங்க. முடியவே முடியாது. ரியல் ஐடி நீங்க யாருன்னு தான் சொல்லும், எந்த நாட்டு சிட்டிசன்னு சொல்லாது. க்ரீன் கார்டு வச்சிருக்கவங்களுக்கும் எச்1பி வேலை விசால இருக்கவங்களுக்கும் கூட ரியல் ஐடி குடுக்கறாங்க இல்லையா, அப்ப அத வச்சு எப்படி பார்டர்ல விடுவான். ஈடிஎல் அமெரிக்க சிட்டிசனுக்கு மட்டும் தான், அதனால அந்த கார்டே சிட்டிசன்ஷிப்புக்கு ஆதாரம் ஆயிடுது. அந்த கொடிக்கும் ஸ்டாருக்கும் உள்ள வித்தியாசம் இவ்ளோ தான், ஆனா இது தெரியாம குடும்பத்தோட பாலம் வரைக்கும் போயிட்டு திரும்பி வந்தவங்க எனக்கு தெரிஞ்சே ரெண்டு குடும்பம்.

இது ஏன் வந்துச்சுன்னா, முன்னாடி எல்லாம் அமெரிக்காக்காரன் கனடா போயிட்டு வரும்போது பூத்ல "யூஎஸ் சிட்டிசன்"னு வாயால சொன்னாலே விட்ருவானாம், சாதா லைசன்ஸ் காமிச்சா ரொம்ப நல்லது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு அப்புறம் அதெல்லாம் இறுகிடுச்சு. 2009 ஜூன் 1ல இருந்து ரோட்டுல வந்தாலும் பாஸ்போர்ட் மாதிரி ஒரு டாக்குமென்ட் கட்டாயம்னு ஆக்கிட்டாங்க. வாரத்துக்கு நாலு தடவ பாலம் தாண்டி வேலைக்கு போற, காய்கறி வாங்கப் போற ஜனங்க எல்லாம் கத்துனாங்க, பார்டர் ஊர்ல கடைக்காரங்க வியாபாரம் படுத்துடும்னு கத்துனாங்க. அதுக்கு ஒரு வழியா தான் லைசன்ஸ்லயே சிட்டிசன்ஷிப்ப சேத்து குடுக்கலாம்னு வந்துச்சு. 2008 ஜனவரில வாஷிங்டன் ஸ்டேட் தான் மொதல்ல ஆரம்பிச்சது. இன்னைக்கு குடுக்கறது வாஷிங்டன், நியூயார்க், வெர்மான்ட், மிச்சிகன், மின்னசோட்டா, அஞ்சு ஸ்டேட் தான், அஞ்சுமே கனடா பார்டர்ல ஒட்டிக்கிட்டு இருக்கறது. டெக்சாஸ் கலிஃபோர்னியா ஆளுங்க மெக்சிகோ பக்கத்துல இருந்தும் அவங்களுக்கு இது இல்ல. கனடா பக்கமும் ஒன்டாரியோ மாதிரி சில மாகாணம் இதே மாதிரி கார்டு குடுத்துட்டு இருந்தாங்க, வாங்க ஆளில்லாம ஒன்டாரியோ 2019ல நிறுத்திடுச்சு. என் மச்சான் கிட்ட (தங்கச்சி வீட்டுக்காரர்) கேட்டா அப்படி ஒன்னு இருந்ததே தெரியாதுங்கறாரு.

சரி, வாங்குன கதைக்கு வரேன். இது தான் பெரிய கதை.

லைசன்ஸ் ரின்யூவல் வந்துச்சு, ரியல் ஐடின்னா எக்ஸ்ட்ரா காசு இல்ல, ஈடிஎல்னா வழக்கமான ஃபீஸுக்கு மேல 30 டாலர், எட்டு வருஷத்துக்கு. வருஷத்துக்கு நாலு டாலர் கூட ஆகல, ஒரு ஃபில்டர் காபி காசு, போட்ருவோம்னு கெளம்பிட்டேன். இதுக்கு நேர்ல தான் போகணும், ஆன்லைன்ல முடியாது. சிட்டிசன்ஷிப் ப்ரூஃப், சோஷியல் செக்யூரிட்டி (அரசாங்கம் ஒவ்வொருத்தருக்கும் குடுக்கற நம்பர்) ப்ரூஃப், அட்ரஸுக்கு ரெண்டு ப்ரூஃப், எல்லாம் ஒரிஜினல். அட்ரஸுக்கு கரண்ட் பில்லும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் எடுத்துக்கிட்டு, பாஸ்போர்ட், நேச்சுரலைசேஷன் சர்டிஃபிகேட் எல்லாத்தையும் கல்யாணத்துக்கு தாம்பூலப்பை எடுத்துட்டு போற மாதிரி ஒரு ஃபோல்டர்ல வச்சுக்கிட்டு போனேன். என் பேரு தான் காலை வாரிவிட்டுருச்சு.

நம்மூர் ஆளுங்களுக்கு இது புரியும். எனக்கு சர்நேம் கிடையாது, இன்ஷியல் தான். என் பழைய இந்திய பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலி. அந்த காலி கட்டத்த வச்சுக்கிட்டு அமெரிக்க விசால என் பேரத் தூக்கி சர்நேம்ல போட்டு, ஃபர்ஸ்ட் நேம் இடத்துல 'எஃப்என்யூ'ன்னு அடிச்சுட்டான், ஃபர்ஸ்ட் நேம் அன்நோன். அந்த விசாவ பாத்து சோஷியல் செக்யூரிட்டி கார்டுலயும் அதே, அத பாத்து லைசன்ஸ்லயும் அதே. பேங்க்ல இருந்து வர லெட்டர் எல்லாம் 'டியர் எஃப்என்யூ'. ஒரு டென்டிஸ்ட் ஆபீஸ்ல ரிசப்ஷன் பொண்ணு "ஃபுனூ... ஃபுனூ..."ன்னு கூப்ட்டுட்டே இருக்கு, யாரையோ கூப்டுதுன்னு நான் மேகசின் பாத்துட்டு உக்காந்திருக்கேன். சிட்டிசன் ஆகும்போது இதுக்கு ஒரு முடிவு கட்டணும்னு பேர் மாத்தத்துக்கும் சேத்து எழுதிக் குடுத்து, அப்பா பேர லாஸ்ட் நேமா போட்டு சர்டிஃபிகேட் வாங்கிட்டேன், பாஸ்போர்ட்டும் அதே பேர்ல வந்துடுச்சு. ஆனா சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸுக்கு போய் அங்க மாத்தணும்னு சொன்னத நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போட்டுட்டே வந்தேன். தப்பு முழுக்க என்னுது தான்.

டிஎம்வி (லைசன்ஸ் குடுக்கற ஆபீஸ்) கவுன்ட்டர்ல அந்தம்மா என் நம்பர தட்டுனாங்க, சோஷியல் செக்யூரிட்டி சிஸ்டத்தோட டேலி ஆகல. நீ பாஸ்போர்ட்ல ஒருத்தன், அங்க ஒருத்தன், எந்த ஆளுக்கு கார்டு குடுக்கறதுன்னு நல்லபடியா தான் கேட்டாங்க. ரெண்டும் நான் தாம்மான்னா நடக்குமா. திரும்பி வந்து, மறுபடி ஒரு நாள் லீவு போட்டு சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸ் போய் சர்டிஃபிகேட் காமிச்சு பேரையும் சிட்டிசன் ஸ்டேட்டஸையும் மாத்தி, அது சிஸ்டத்துல ஏறுற வரைக்கும் கொஞ்ச நாள் விட்டு, அப்புறம் தான் மறுபடி டிஎம்வி. அதனால ஈடிஎல் ஆகட்டும் ரியல் ஐடி ஆகட்டும், எடுக்கப் போற தமிழ் ஆளுங்க எல்லாருக்கும் சொல்றேன், பாஸ்போர்ட், சிட்டிசன் சர்டிஃபிகேட், சோஷியல் செக்யூரிட்டி, பழைய லைசன்ஸ் நாலையும் டேபிள்ல வரிசையா பரப்பி வச்சு பேர எழுத்துக்கு எழுத்து பாருங்க. ஒன்னுல அப்பா பேரு முன்னாடி, ஒன்னுல பின்னாடி, ஒன்னுல வெறும் இன்ஷியல், ஒன்னுல 'குமார்' தனியா, ஒன்னுல சேந்துன்னு இருக்கும், நம்ம வீட்ல எவனுக்கு இல்ல. கல்யாணத்துக்கு அப்புறம் பேர் மாத்துன பொம்பளைங்கன்னா மேரேஜ் சர்டிஃபிகேட்டும் தூக்கிட்டு போங்க.

ரெண்டாவது தடவ எல்லாம் முடிஞ்சுது. கையில ஒரு பேப்பர் டெம்பரரி குடுப்பாங்க, அத வச்சு வண்டி ஓட்டலாம், பார்டர் தாண்ட முடியாது. ஒரிஜினல் கார்டு வீட்டுக்கு போஸ்ட்ல வரும், அதுக்கு சில வாரம் ஆகும். அதனால அடுத்த வாரம் டொரான்டோ கல்யாணம், இன்னைக்கு போய் ஈடிஎல் அப்ளை பண்ணிடலாம்னு நெனைக்காதீங்க.

கார்டோட ஒரு சில்வர் கலர் கவரும் வரும். அது எதுக்குன்னா இந்த கார்டுக்குள்ள ஒரு ஆர்எஃப்ஐடி சிப் இருக்கு, அத வெளிய இருந்து யாரும் படிக்காம தடுக்கறதுக்கு தான் கவர். ஸ்டாண்டர்டு லைசன்ஸ்லயோ ரியல் ஐடிலயோ இது கிடையாது. பேட்டரி எல்லாம் இல்ல, பார்டர்ல இருக்கற ஆன்டெனா அலை அனுப்புனா அதுலயே உசுரு வந்து ஒரு நம்பர திருப்பி அனுப்பும். உங்க பேரு, அட்ரஸ், பொறந்த நாள் எதுவும் சிப்புக்குள்ள இல்ல, வெறும் நம்பர் தான். அந்த நம்பர வச்சு ஆபீசர் கம்ப்யூட்டர்ல உங்க ரெக்கார்டும் ஃபோட்டோவும் திறந்துடும், உங்க வண்டி பூத்துக்கு வந்து நிக்கறதுக்குள்ள. சிப் வேலை செய்யலன்னாலும் பரவால்ல, கார்டு பின்னாடி பாஸ்போர்ட்ல கீழ இருக்குமே அந்த மாதிரி எழுத்து வரி இருக்கு, அத ஸ்கேன் பண்ணிப்பாங்க.

இதுல எனக்கு ஒரு நெருடல் இருக்கு. பாஸ்போர்ட் புக்ல இருக்கற சிப் சில இன்ச் தூரத்துல வச்சா தான் படிக்கும், அதுவும் உள்ள இருக்கற எழுத்த மொதல்ல ஸ்கேன் பண்ணாம திறக்காது. ஈடிஎல் சிப் அப்படி இல்ல, 20, 30 அடி தள்ளி இருந்தே படிக்கற மாதிரி வேணும்னே டிசைன் பண்ணது, யாரு கேட்டாலும் நம்பர சொல்லிடும். 2009ல கிறிஸ் பேஜெட்னு ஒரு செக்யூரிட்டி ஆளு, சுமார் 250 டாலருக்கு ஈபேல வாங்குன சாமான வச்சு, சான் ஃபிரான்சிஸ்கோ தெருவுல கார்ல சுத்திக்கிட்டே போறவங்க வரவங்க சில பேரோட பாஸ்போர்ட் கார்டு (லைசன்ஸ் சைஸ்ல வர பாஸ்போர்ட்) நம்பர இழுத்து காமிச்சாரு. பாஸ்போர்ட் கார்டுல இருக்கறதும் இதே மாதிரி சிப் தான். அதே வருஷம் வாஷிங்டன் யூனிவர்சிட்டியும் ஆர்எஸ்ஏ லேப்ஸும் சேந்து பண்ண ஆராய்ச்சில, வாஷிங்டன் ஸ்டேட் லைசன்ஸ் சிப்ப தூரத்துல இருந்தே எவனாச்சும் வேலை செய்யாம ஆக்கிடலாம், அத தடுக்கற பூட்டையே போடாம விட்டுட்டாங்கன்னும், கவர் கசங்கி இருந்தா கொஞ்ச தூரத்துக்கு கவருக்குள்ள இருந்தே படிக்க முடியுதுன்னும் கண்டுபிடிச்சாங்க. நம்பர மட்டும் வச்சுக்கிட்டு எவனும் என் வீட்டுக்கு வரப் போறதில்ல, ஆனா அந்த நம்பர் மாறாது இல்ல, இந்த ஆளு தான் நேத்தும் வந்தான் இன்னைக்கும் வந்தான்னு கண்டுபிடிக்க அது போதும். கவர்ல போட்டு வைங்கன்னு சொல்லி விட்டுட்டாங்க, ஆனா தெனம் கடைல லைசன்ஸ் காட்ட எடுத்து எடுத்து எனக்கு கவர் மூணே மாசத்துல பிஞ்சு போச்சு. பாஸ்போர்ட்ட யாரும் தெனம் பாக்கெட்ல வச்சு சுத்தறதில்ல, லைசன்ஸ அப்படி தான் சுத்துவோம், அத யோசிச்சாங்களான்னு தெரியல. இதுக்கு என் ரேட்டிங்ல ஒரு ஸ்டார் கொறச்சுட்டேன்.

இப்ப பார்டர்ல எப்படின்னு பாப்போம். திரும்பி அமெரிக்காக்குள்ள வரும்போது சில பாலத்துல 'ரெடி லேன்'னு ஒன்னு இருக்கும். ஆர்எஃப்ஐடி கார்டு வச்சிருக்கவங்களுக்கு மட்டும். ஈடிஎல், பாஸ்போர்ட் கார்டு, புது க்ரீன் கார்டு, நெக்சஸ் (அடிக்கடி பார்டர் தாண்டறவங்களுக்கான கார்டு) எல்லாம் இதுல செல்லும். பாஸ்போர்ட் புக் செல்லாது, அதுல தான் காமெடியே, 165 டாலர் குடுத்து வாங்குன புக்க வச்சிருக்கவன் பெரிய லைன்ல நிப்பான், 30 டாலர் குடுத்தவன் பக்கத்து லைன்ல போயிட்டே இருப்பான். மொதல் தடவ நானும் வைஃபும் பையனும் மட்டும் போயிட்டு வந்தப்ப செமயா இருந்துச்சு. வைஃப் இன்னும் க்ரீன் கார்டு தான், அதுலயும் சிப் இருக்கு. பையனுக்கு 11 வயசு, இங்க பொறந்தவன், 16 வயசுக்குள்ள இருக்கற சிட்டிசன் பசங்களுக்கு ரோட்டுல வரும்போது பர்த் சர்டிஃபிகேட் காப்பியே போதும். பூத்துக்கு கொஞ்சம் முன்னாடி கார்ட கவர்ல இருந்து எடுத்து ரீடர் பக்கம் காமிச்சுட்டு போகணும், பூத்ல போய் நிக்கறதுக்குள்ள அந்த ஆபீசர் என் பேர சொல்றாரு, சரியான பேர, எஃப்என்யூ இல்லாம. ரெண்டு கேள்வி, "எங்க போனீங்க, சாப்பாட்டு சாமான் எதாச்சும் இருக்கா"ன்னு. முருங்கைக்காய் இருந்துச்சுன்னு வைஃப் உண்மைய சொல்லிடுச்சு, அது வேற கதை.

அடுத்த தடவ மாமியார் வந்திருந்தாங்க, விசிட்டர் விசால. கனடா விசாவும் எடுத்து வச்சிருந்தாங்க, அதனால போறதுல பிரச்சன இல்ல. வரும்போது நான் பெரிய கெத்தா "அத்தை, பாருங்க, நம்மளுக்கு தனி லேன்"னு சொல்லிட்டு திருப்பப் போறேன், வைஃப் தோள்ல தட்டுச்சு. வண்டில இருக்கற பெரியவங்க எல்லார்கிட்டயும் அந்த சிப் கார்டு இருந்தா தான் ரெடி லேன். அத்தைகிட்ட இருக்கறது இந்திய பாஸ்போர்ட். சாதா லைன்ல முக்கால் மணி நேரம். "ஏன் மாப்ள, தனி லேன்னு சொன்னீங்க"ன்னு அத்தை ஒரே ஒரு தடவ தான் கேட்டாங்க, அதுவே போதும். ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்து தங்கற வீடுங்க தான நம்ம வீடெல்லாம், வருஷத்துல ஆறு மாசம் இந்த லேன் நமக்கு இல்லன்னு எழுதி வச்சுக்கலாம்.

கனடா உள்ள போறப்ப அந்த பக்க ஆபீசர் ஈடிஎல்ல பாஸ்போர்ட் மாதிரியே எடுத்துக்கறாங்க, ஒரு தடவ கூட முகம் சுளிக்கல. ஆனா வைஃப் க்ரீன் கார்டு மட்டும் போதாது, இந்திய பாஸ்போர்ட்டும் சேத்து வேணும், விசா வேணாம். ஆக வண்டில எப்படியும் ஒரு பாஸ்போர்ட் இருந்துட்டு தான் இருக்கு.

இந்த கார்டு எனக்கு நெஜமா உதவுனது ஒரே ஒரு தடவன்னு சொல்வேன், ஆனா அந்த ஒரு தடவைக்கே 30 டாலர் தீந்துடுச்சு. ஆபீஸ் வேலையா சைனா போக வேண்டி இருந்துச்சு, பாஸ்போர்ட்ட விசாவுக்கு குடுத்திருந்தேன், அது திரும்பி வரல. அந்த வார கடைசில தங்கச்சிக்கு வளைகாப்பு. பெரியவங்க எல்லாம் ஊர்ல, எங்க குடும்பத்து சார்பா போய் நிக்க நாங்க மட்டும் தான், அண்ணி வந்து வளையல் போடணும்னு அம்மா ஃபோன்ல தெனம் ஒரு தடவ. ஈடிஎல் இல்லன்னா வைஃப தனியா வண்டி ஓட்டிட்டு போகச் சொல்லிட்டு நான் வீட்ல வீடியோ கால்ல தான் பாத்திருப்பேன். லைசன்ஸ காமிச்சு போயிட்டு, புளிசாதம் தயிர்சாதம்னு ஏழு வகை சாதமும் சாப்ட்டுட்டு வந்தேன்.

மாட்டுனது அதுக்கப்புறம். இன்னொரு தடவ ஸ்கார்பரோ போயிருந்தப்ப ராத்திரி ஊர்ல இருந்து ஃபோன், அப்பா பாத்ரூம்ல விழுந்துட்டாரு, ஆஸ்பத்திரில சேத்திருக்குன்னு. மச்சான் உடனே லேப்டாப்ப திறந்து பியர்சன் ஏர்போர்ட்ல இருந்து காலைல ஃப்ளைட் இருக்கு, போட்டுரட்டுமான்னு கேக்கறாரு. என் கையில இருக்கறது லைசன்ஸ். பாஸ்போர்ட்டும், விசா இல்லாம இந்தியா போக விடற ஓசிஐ கார்டும் வீட்டு பீரோல. ஈடிஎல் வச்சு டொரான்டோல இருந்து எந்த நாட்டுக்கும் பறக்க முடியாது, சென்னை மட்டும் இல்ல, பஃபலோக்கே கூட ஃப்ளைட்ல வர முடியாது. ராத்திரி ஒன்ற மணிக்கு வண்டிய எடுத்து வீட்டுக்கு வந்து பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டு அடுத்த நாள் தான் கெளம்புனேன். அப்பா இப்ப நல்லா இருக்காரு, இடுப்புல ஆபரேஷன் பண்ணி நடக்கறாரு. ஆனா அன்னைக்கு க்யூஈடபிள்யூ ஹைவேல தனியா ஓட்டிட்டு வந்த அந்த ரெண்டு மணி நேரம் இருக்கே. அதுல இருந்து ஈடிஎல் பர்ஸ்ல இருந்தாலும் பாஸ்போர்ட்டும் பைல இருக்கும், ஒரு ராத்திரி தங்கறதா இருந்தா கட்டாயம். அப்ப எதுக்குய்யா அந்த கார்டுன்னு நீங்க கேக்கலாம், நானும் கேட்டுக்கறேன்.

இதுக்கு போட்டி பாஸ்போர்ட் கார்டு. லைசன்ஸ் சைஸ்ல அதுவும், அதே கனடா மெக்சிகோ கரீபியன், அதே ரோடு கப்பல் மட்டும், உள்நாட்டு ஃப்ளைட்டுக்கும் ஐடியா செல்லும். ஏற்கனவே பெரியவங்க பாஸ்போர்ட் புக் இருந்தா அதுவும் 30 டாலர் தான், பத்து வருஷம் ஓடும், டிஎம்வி பக்கமே போக வேணாம், எந்த ஸ்டேட்ல இருந்தாலும் கிடைக்கும், ஸ்டேட் மாறுனாலும் கையில இருக்கும். ஈடிஎல் வேற ஸ்டேட்டுக்கு குடி போனா போச்சு, டெக்சாஸ்ல வேலை கிடைச்சா திருப்பிக் குடுத்துட்டு சாதா லைசன்ஸ் தான். பாஸ்போர்ட் கார்ட பார்டர் போகும்போது மட்டும் எடுத்துக்கலாம், மிச்ச நாள் சிப்பு வீட்ல தூங்கும், எனக்கு இருக்கற அந்த நெருடலும் இருக்காது. நான் ரின்யூவலுக்கு போன நேரத்துல இத சரியா விசாரிக்கல. பர்ஸ்ல ஒரே கார்டு போதும், எங்கயும் மறந்து வச்சுட்டு போக மாட்டேன்னு நெனைக்கறவங்களுக்கு ஈடிஎல் வசதி, அத ஒத்துக்கறேன், நான் அந்த மறதி கேஸ் தான். ரொம்ப அடிக்கடி போறவங்கன்னா நெக்சஸ் பாருங்க, 2024 அக்டோபர்ல இருந்து 50 டாலர 120 ஆக்கிட்டாங்க அஞ்சு வருஷத்துக்கு, இன்டர்வியூ எல்லாம் உண்டு, ஆனா அது தான் ரெண்டு பக்கமும் வேகம்.

2025 மே 7ல இருந்து ஏர்போர்ட்ல ரியல் ஐடி ரூல அமுல்படுத்த ஆரம்பிச்சாங்க இல்ல, சட்டம் 2005ல போட்டது, இருவது வருஷமா தள்ளிப் போட்டு தள்ளிப் போட்டு. அப்ப எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரே பயம், ஈடிஎல் வச்சிருக்கவன் மறுபடி போய் ஸ்டார் கார்டு வாங்கணுமான்னு. வேணாம். கொடி இருந்தா ஸ்டார் தேவையில்ல, ஏர்போர்ட் செக்யூரிட்டி பாக்கற டிஎஸ்ஏ ஈடிஎல்ல அப்படியே எடுத்துக்கும். நான் அதுக்கப்புறம் சிகாகோ, அட்லான்டான்னு மூணு தடவ பறந்துட்டேன், ஒருத்தரும் ஒன்னும் கேக்கல.

சியாட்டில் பக்கம் இருக்கற நம்மாளுங்களுக்கு மட்டும் ஒரு தனி தலைவலி. வாஷிங்டன் ஸ்டேட்ல ஸ்டார் போட்ட ரியல் ஐடி லைசன்ஸே கிடையாது. ஒன்னு ஈடிஎல், இல்லன்னா 'ஃபெடரல் லிமிட்ஸ் அப்ளை'ன்னு போட்ட ஸ்டாண்டர்டு. ஈடிஎல் சிட்டிசனுக்கு மட்டும். அப்ப ரெட்மண்ட்லயும் பெல்வியூலயும் எச்1பில, க்ரீன் கார்டுல இருக்கறவங்க உள்ளூர் ஃப்ளைட் ஏறணும்னாலும் இந்திய பாஸ்போர்ட்டோ க்ரீன் கார்டோ தூக்கிட்டு தான் போகணும். என் காலேஜ் ஃப்ரெண்டு ஒருத்தன் அங்க இருக்கான், எத்தன வருஷம் டேக்ஸ் கட்டியும் லாஸ் வேகாஸ் போக பாஸ்போர்ட் கேக்கறானுங்கடான்னு பொலம்புவான். எங்க ஸ்டேட்ல அந்த கஷ்டம் இல்ல, விசால இருக்கறவங்க டாக்குமென்ட் காமிச்சு ரியல் ஐடி வாங்கிக்கலாம், விசா முடியற தேதியோட கார்டும் முடியும்.

அதனால எச்1பிலயோ க்ரீன் கார்டுலயோ இருக்கீங்கன்னா ஈடிஎல் பத்தி யோசிக்கவே வேணாம், குடுக்க மாட்டாங்க, காசு மிச்சம். சிட்டிசன், ஆனா வருஷத்துக்கு ஒரு தடவ தான் கனடா போவீங்க, அதுவும் பாஸ்போர்ட் இருக்குன்னா ரியல் ஐடி போதும். பார்டர் ஊர், அடிக்கடி ரோட்டுல போறது, வண்டில எல்லாரும் ஒன்னு சிட்டிசன், இல்லன்னா க்ரீன் கார்டு, இந்த மூணும் சேந்தா தாராளமா எடுங்க. நான் அஞ்சுக்கு மூன்றரை குடுக்கறேன். ஒன்னு சிப்புக்கு போச்சு, அரை அத்தை கிட்ட வாங்கி கட்டிக்கிட்டதுக்கு.

வைஃபுக்கு வர மாசம் சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ இருக்கு. முடிஞ்சதும் உனக்கும் ஈடிஎல் போட்ருவோமான்னு கேட்டேன். "எனக்கு புக்கும் பாஸ்போர்ட் கார்டும் ஒரே ஃபார்ம்ல சேத்து போட்ருங்க, டிஎம்வில லீவு போட்டு நிக்கறதெல்லாம் உங்களோட போகட்டும்"னு சொல்லிட்டு, சோஷியல் செக்யூரிட்டி கார்ட எடுத்து அதுல இருக்கற பேர எழுத்துக்கூட்டி படிச்சுட்டு இருக்கு.